காய்ச்சலுக்கு ஏன் இத்தனை கேள்வி?

"மூணு நாளாக் காய்ச்சல். லேப்ல ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். டைபாய்டும் இருக்காம், டெங்குவும் லேசா இருக்காம்." ஐப்பசி மழை தொடங்கி தை பிறக்கும்வரை காரைக்குடிப் பக்கம் இந்தப் பேச்சை டீக்கடையிலும் கேட்கலாம், கல்யாணப் பந்தியிலும் கேட்கலாம். கூடவே ஒரு குறையும் வரும். "பெரியாஸ்பத்திரிக்குப் போனா, படிக்கிற பிள்ளைங்க நாலு பேர் மாத்தி மாத்தி வந்து ஒரே கேள்வியைக் கேக்குறாங்க. ஆடு மேய்க்கிறீங்களா, பழனிக்கு நடந்தீங்களான்னு. காய்ச்சலுக்கும் பழனிக்கும் என்னப்பா சம்பந்தம்?"

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. ஆனால் அதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால் நோயின் பெயர் ரத்தத்தில் எழுதியிருக்கும், மெஷின் அதைப் படித்துச் சொல்லிவிடும், மருந்துச் சீட்டு எழுதுவது மட்டும்தான் டாக்டர் வேலை என்று ஓர் எண்ணம் ஊன்றிவிட்டது. சொல்லப்போனால் மருத்துவக் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலரும் இதே எண்ணத்தோடுதான் வருகிறார்கள். 2012-இல் சிவகங்கையிலும் 2017-இல் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. செட்டிநாட்டு ஊர்களிலிருந்து அங்கே போய்ப் படுக்கிறவர்களின் கட்டிலருகே முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் ஒரு மாணவரோ, படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனோதான். ஒட்டிக்கொள்ளும் நோய்களைக் கண்டுபிடிக்கவும் கையாளவும் அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்தக் கேள்விகளின் அர்த்தமும் புரியும்.

பழைய சாமான் கடைக்கு வந்த கிண்ணம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடை ஒன்றுக்கு ஒருவர் நீல விளிம்பு வைத்த இனாமல் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஸ்வீடன் நாட்டு முத்திரை இருக்கிறது. பழகிய கடைக்காரர் முத்திரையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பார்: "எந்த வீட்டுச் சாமான்?"

தேவகோட்டையில் பாகம் பிரித்து, இடிக்கப்போகிற வீட்டின் சாமான் அறையிலிருந்து வந்தது என்றால், முத்திரையைப் பார்த்ததும் ஏறக்குறைய நம்பிவிடுவார். போன வருஷம் பொருட்காட்சியில் வாங்கியது என்றால், அதே முத்திரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி மறுபடி பார்ப்பார். போலியிலும் முத்திரை குத்தலாம் அல்லவா? முத்திரை ஒன்றுதான், ஆனால் அது எவ்வளவு நம்பத்தக்கது என்பது கிண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது.

ரத்தப் பரிசோதனையும் அந்த முத்திரை மாதிரிதான். பரிசோதனைக்கு முன்பே, நோயாளியின் ஊர், வேலை, காலம், அறிகுறி எல்லாவற்றையும் வைத்து "இவருக்கு இந்த நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு" என்று மருத்துவர் ஒரு மதிப்புப் போடுகிறார். அதை இங்கே முன் சந்தேகம் என்று சொல்லலாம். பரிசோதனை முடிவு அந்தச் சந்தேகத்தை மேலே ஏற்றும் அல்லது கீழே இறக்கும். சந்தேகமே இல்லாத இடத்தில் எடுத்த பரிசோதனைக்கு ஏற்றவும் இறக்கவும் ஒன்றும் இருக்காது.

கொஞ்சம் கணக்கு

இதை எண்ணாகப் பார்த்தால்தான் மாணவர்களுக்கே உறைக்கும். இங்கே உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். ஆங்கில மருத்துவத்தில் இதன் பெயர் ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னப் பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. மாட்டில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறதே, அந்தப் பெரிய உண்ணிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு பரிசோதனையைக் கற்பனை செய்துகொள்வோம். நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரை அது சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாத பத்துப் பேரில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். கேட்க நல்ல பரிசோதனையாகத்தான் தெரிகிறது.

மார்கழியில், ஒரு வாரமாகக் காய்ச்சலோடு, கண்மாய்க் கரையில் புதர் வெட்டியவர்கள் 100 பேர் வருகிறார்கள். இவர்களில் 40 பேருக்கு உண்மையிலேயே உண்ணிக் காய்ச்சல். பரிசோதனை 36 பேரைப் பிடிக்கும். மீதி 60 பேரில் 6 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். ஆக 42 பாசிட்டிவில் 36 நிஜம். நம்பலாம்.

அதே பரிசோதனையைச் சித்திரை வெயிலில், இரண்டு நாள் சளிக்காய்ச்சலோடு வரும் 1000 பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுப்போம். இவர்களில் 10 பேருக்கு மட்டும் உண்ணிக் காய்ச்சல் என்று வைத்தால், 9 பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். மொத்தப் பாசிட்டிவ் 108, அதில் நிஜம் ஒன்பதே ஒன்பது. பன்னிரண்டு பாசிட்டிவில் பதினொன்று பொய்.

பரிசோதனையும் அதேதான், லேபும் அதேதான். யாருக்கு எடுத்தோம் என்பது மட்டும்தான் மாறியது. "எதற்கும் எல்லா டெஸ்டும் எடுத்துவிடுங்கள்" என்று கேட்கிற குடும்பங்கள் இந்த இரண்டாவது கணக்கைத்தான் காசு கொடுத்து வாங்குகின்றன. காய்ச்சல் பேக்கேஜ் என்று பட்டியல் போட்டு விற்கிறவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பரிசோதனை தனியாக நின்று பதில் சொல்லாது. முன் சந்தேகம் சரியாக இருந்தால்தான் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் மதிப்பு. அந்தச் சந்தேகத்தை எப்படி உருவாக்குவது என்பதுதான் மாணவர்கள் வருடக்கணக்கில் பழகும் வேலை.

ஊரைப் படிக்கும் கேள்விகள்

தொற்றுநோய்க்கு முகவரி உண்டு. கிருமி எங்கேயாவது வாழ்ந்து, ஏதாவது ஒரு வழியில் மனிதனிடம் வந்தாக வேண்டும். அதனால்தான் எந்த ஊர், என்ன வேலை, எங்கே போனீர்கள், எதைத் தொட்டீர்கள், வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேள்விகள் போய்க்கொண்டே இருக்கும். செட்டிநாட்டில் இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்கள் தனி ரகம்.

பூட்டிய வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோத்தமங்கலத்திலும் ஆண்டின் பெரும்பகுதி ஆள் இல்லாத பெரிய வீடுகள் எத்தனையோ. மழை முற்றத்தில் நேராக இறங்குகிறது. கிடாரம், அண்டா, உடைந்த தொட்டி என்று தண்ணீர் நிற்க இடத்துக்குப் பஞ்சமில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. இப்படி நிற்கிற நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்தபடியே பல மாதம் உயிரோடு இருக்கும். ஒரு கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்து, அண்டாவைச் சரியாகத் தேய்க்காமல் தண்ணீர் நிரப்பினால் முட்டைகள் பொரிந்துவிடும். ஆகவே "விசேஷத்துக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு?" என்று மாணவர் கேட்பது ஊர்வம்பு பேச அல்ல.

கண்மாய்க் கரையில் கருவேலம் வெட்டுகிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்கப் போகிறவர்கள், நூறு நாள் வேலையில் வரத்துக்கால் சுத்தம் செய்கிறவர்கள் என்றால் உண்ணிக் காய்ச்சலின் மேல் சந்தேகம் ஏறும். பழனிக் கேள்வியும் இங்கேதான் வருகிறது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடி வழியாக நடக்கிறவர்கள் பல நாள் வழியோரத்தில் தங்குகிறார்கள், புதர்ப் பக்கம் ஒதுங்குகிறார்கள், தரையில் படுக்கிறார்கள். இந்தப் பூச்சி அதிகமாகக் கடிக்கிற குளிர்மாதங்களும் அதுவேதான்.

சேற்று வயலில் வெறுங்காலோடு இறங்கியவர் என்றால், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக வரும் எலிக் காய்ச்சலையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ராமேஸ்வரத்தில் தங்கி மீன்பிடி வேலை பார்த்தவர் என்றால் மலேரியா. மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்திறங்கியவர் என்றால், விமானம் ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் வேண்டும். ஏன் தேதி என்றால், கிருமி உடம்பில் நுழைந்த நாளுக்கும் முதல் அறிகுறிக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதை நோயரும்பும் காலம் என்பார்கள். டெங்குவுக்கு அது சுமார் 4 முதல் 10 நாள். உண்ணிக் காய்ச்சலுக்கு ஏறக்குறைய 6 முதல் 21 நாள். நேற்று இரவு ஊருக்கு வந்தவருக்கு இன்று காலை டெங்குக் காய்ச்சல் என்றால், கடித்த கொசு இந்த ஊர்க் கொசு அல்ல.

இப்படிக் கேட்டுச் சேர்த்த பதில்களிலிருந்து நான்கைந்து நோய்ப் பெயர்கள் வரிசையாக வரும். இதைச் சந்தேகப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் முதலிடம் அதிக வாய்ப்புள்ள நோய்க்கு. ஆனால் வாய்ப்புக் குறைவாக இருந்தாலும், தவறவிட்டால் உயிரை எடுக்கும் நோய்க்கும் அதில் ஓர் இடம் கட்டாயம் உண்டு. இந்த இரண்டாவது விதியை மறக்கிற மாணவரை வார்டில் எளிதில் விடமாட்டார்கள்.

நாள் கணக்கு சரியாக வேண்டும்

"ஆச்சி, காய்ச்சல் எத்தனை நாளா?"

"நாலஞ்சு நாளாச்சுப்பா."

"அமாவாசைக்கு முன்னாடியா, பின்னாடியா ஆச்சி?"

"அமாவாசைக்குச் சமைக்கும்போதே மேலு கொதிச்சுச்சு. படையலைப் போட்டுட்டுப் படுத்தவதான்."

மாணவர் விரல் விட்டு எண்ணுகிறார். எட்டு நாள். "நாலஞ்சு" என்று எழுதியிருந்தால் பரிசோதனையே தப்பாகப் போயிருக்கும்.

டெங்குவுக்கு இரண்டு வகைப் பரிசோதனை வழக்கில் இருக்கிறது. என்.எஸ்.1 என்பது வைரஸின் சொந்தப் புரதத்தைத் தேடுவது. முதல் ஐந்து நாள்வரை நன்றாகப் பிடிக்கும், பிறகு குறைந்துகொண்டே போகும். ஐ.ஜி.எம். என்பது கிருமியை எதிர்த்து நம் உடம்பு முதலில் தயாரிக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. உடம்புக்கு அதைத் தயாரிக்க நாள் பிடிக்கும் என்பதால், சுமார் ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் தெரியத் தொடங்கும். ஆச்சிக்கு எட்டாம் நாளில் என்.எஸ்.1 நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தம் கிடையாது. இரண்டாம் நாள் காய்ச்சலில் ஐ.ஜி.எம். நெகட்டிவ் வந்தாலும் அப்படித்தான். இது போக, சில நிமிஷத்தில் முடிவு காட்டும் சின்ன அட்டையான கார்டு டெஸ்டில் கோடு விழுந்ததை மட்டும் வைத்து அரசு சுகாதாரத் துறை டெங்கு என்று உறுதி செய்வதில்லை. எலைசா என்னும் ஆய்வக முறையில் பார்த்துத்தான் கணக்கில் சேர்ப்பார்கள்.

அப்புறம் வைடால். "டைபாய்டும் இருக்காம்" என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் மூலகாரணம் இதுதான். 1896-இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் விடால் அறிமுகப்படுத்திய பரிசோதனை. இதுவும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. டைபாய்டு பரவலாக இருக்கும் ஊரில் முன்பு எப்போதோ வந்து போன தொற்று, போட்டுக்கொண்ட தடுப்பூசி, வேறு கிருமிகள் என்று எதனாலும் அது பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு தடவை எடுத்த வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டுவது நூறாண்டுக்கு மேல் பழைய பழக்கம். என்னைக் கேட்டால் அதை இப்போதாவது விட்டுவிடலாம். டைபாய்டுக்கு நம்பகமான வழி, மாத்திரை தொடங்குவதற்கு முன் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் செய்வது. கல்ச்சர் என்றால் ரத்தத்தைச் சத்துநீர் நிறைந்த பாட்டிலில் ஊற்றிக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. எல்லா நோயாளிகளையும் அது பிடித்துவிடாது. ஆனால் வளர்ந்துவிட்டால், கிருமியின் பெயரோடு எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

சுருக்கமாக, எந்தப் பரிசோதனை என்பது பாதிக் கேள்வி. காய்ச்சலின் எத்தனையாவது நாளில் என்பது மீதிப் பாதி.

சட்டையைக் கழற்றிப் பார்ப்பது

உண்ணிக் காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் சிலருக்குச் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும். எஸ்கார் என்பார்கள். வலிக்காது, அரிக்காது. அதனாலேயே நோயாளிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேட்டால் "புண்ணெல்லாம் ஒண்ணுமில்லை" என்பார். இருக்கிற இடமோ அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பில் பாவாடை நாடா அல்லது வேட்டி இறுக்குகிற மடிப்பு. தேடினால்தான் கிடைக்கும்.

எந்த மெஷினும் இதைச் செய்யாது. மாணவர் திரை போட்டு, நோயாளியிடம் அனுமதி கேட்டு, பெண் நோயாளி என்றால் பெண் செவிலியரை அருகில் வைத்துக்கொண்டு, தலைமுதல் கால்வரை பார்க்க வேண்டும். சேலையோடு படுத்திருக்கும் வயதான பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிற மாணவர்கள் உண்டு. எஸ்கார் பற்றிப் பரீட்சையில் முழுப் பக்கம் எழுதத் தெரியும், தேடத் தெரியாது. சொல்லும் விதத்தில் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. "ஆச்சி, பூச்சி கடிச்ச தழும்பு எங்கேயாவது இருந்தா மருந்து உடனே முடிவாயிடும், அதான் பார்க்கிறேன்" என்றால் போதும். நோயாளியிடம் பேசும் முறையையே பாடமாக வைத்திருக்கிறது 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம். நல்ல மாற்றம்தான்.

ஒரு வாரக் காய்ச்சல், புதர் வேலை, மார்கழி மாதம், அக்குளில் எஸ்கார். இத்தனையும் சேர்ந்துவிட்டால் முன் சந்தேகம் அவ்வளவு உயரத்துக்குப் போய்விடும். லேப் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

பெயர் தெரியும் முன்னே மருந்து

இது பலருக்குப் புரியாத இடம். "என்ன நோய்னே தெரியாம மருந்து கொடுக்கிறாங்க" என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ரத்த அழுத்தம் விழுந்து மூச்சு வாங்குகிற நோயாளிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. அதனால் சந்தேகப் பட்டியலின் மேலே இருக்கும் நோய்களையும், தவறவிடக் கூடாதவற்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி மருந்தைத் தொடங்குகிறார்கள். இதை அனுமான சிகிச்சை எனலாம். பட்டியல் ஒழுங்காக இருந்தால் இது குருட்டு வேலை ஆகாது.

பட்டியல் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உண்ணிக் காய்ச்சலே உதாரணம். காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி டைபாய்டுக்குக் கேட்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு அது தண்ணீர் மாதிரி. அந்தக் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. அதற்கு டாக்ஸிசைக்ளினோ அஸித்ரோமைசினோ வேண்டும். சரியான மருந்து போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விலையும் பெரிதில்லை. நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. நம் புதர்க்காட்டு நோய்க்கு நம் ஊர் வார்டுகளிலிருந்தே கிடைத்த விடை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

தொடங்குவதைப் போலவே நிறுத்துவதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். கல்ச்சர் முடிவு வந்ததும், பரந்த வீச்சுள்ள மருந்தை எடுத்துவிட்டு அந்தக் கிருமிக்கு மட்டுமான சின்ன மருந்துக்கு மாற வேண்டும். பாக்டீரியா இல்லை என்று தெரிந்தால் ஆன்டிபயாட்டிக்கையே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. டெங்கு, ஃப்ளூ மாதிரி வைரஸ் நோய்களை அது தொடவே தொடாது. தேவையில்லாமல் கொடுக்கக் கொடுக்க, தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்து, கடைசிப் பிரிவை வேறு வழியில்லாதபோது மட்டும் தொடச் சொன்னது இதனால்தான். இந்தியாவிலும் 2014 முதல் முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

காய்ச்சல் விட்ட நாள்

கையாள்வது என்றால் மருந்து கொடுப்பது மட்டும் கிடையாது என்பதை டெங்குவைப் போல எதுவும் உணர்த்தாது. கிருமியைக் கொல்ல அதற்கு மருந்தே இல்லை. முழுச் சிகிச்சையும் கவனிப்பதில்தான் இருக்கிறது.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும். வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்பார்கள். சிலருக்கு ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்ச் சுவர் கசியத் தொடங்கி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறும். ரத்தம் கெட்டிப்படும், அழுத்தம் விழும். இந்த ஆபத்துக் கட்டம் ஒன்றிரண்டு நாள்தான். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து துவண்டு போவது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள்.

ஊரில் எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போனில் பரிமாறிக்கொள்கிறோம். வார்டில் மாணவர் அதோடு சேர்த்துப் பார்ப்பது ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது, நாடி எப்படி, கைகால் சில்லிட்டிருக்கிறதா, எத்தனை மணிநேரமாகச் சிறுநீர் போகவில்லை என்பதையெல்லாம். சலைன் குறைவாகப் போனால் ஆபத்து. அதிகமாகப் போனால் நுரையீரலில் நீர் கோத்து வேறு ஆபத்து. அதனால் மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்து அளவை மாற்றுவார்கள். வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். பாராசிட்டமால் போதும்.

முன் சந்தேகம் கவிழ்க்கும் இடம்

இவ்வளவு நேரம் முன் சந்தேகத்தைத் தூக்கி வைத்துப் பேசியதால், அதன் ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். "நம்ம ஊர்ல அதெல்லாம் கிடையாது" என்று முடிவு கட்டிவிட்டால், தேடாதது கிடைக்காது. கிடைக்காததால் இல்லை என்ற நம்பிக்கை இன்னும் உறுதிப்படும்.

1980-களின் நடுவில் எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வேட்டுக்காக அதைத் தேடிப்பார்க்கச் சொன்னார். நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது சிலவற்றில் பாசிட்டிவ் வந்தது. வேறொரு முறையிலும் உறுதி செய்த பிறகே 1986-இல் அறிவித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது இப்படித்தான். ஒரு மாணவியின் ஆய்வேடு அது. நடந்ததைக் கவனியுங்கள். சந்தேகம் குறைவு என்பதற்காகத் தேடாமல் விடவில்லை, பாசிட்டிவ் வந்துவிட்டது என்பதற்காக உடனே நம்பிவிடவும் இல்லை.

இன்றைக்கு அப்படித் தவறவிடப்படும் நோய்களில் ஒன்று மெலியாய்டோசிஸ். மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் பாக்டீரியா. சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் தாக்கும். நீண்ட காய்ச்சல், நுரையீரலில் நிழல், எடை குறைவு என்று காசநோய் வேஷத்தில் வரும். சளியில் காசநோய்க் கிருமி கிடைக்காமலேயே காசநோய் மாத்திரை தொடங்கி, பலன் இல்லாமல் மாதங்கள் ஓடிவிடலாம். மருந்துக்கு உடம்பு அசையவில்லை என்றால் மருந்தை மட்டும் மாற்றாமல் பட்டியலையே திரும்பப் பார் என்று மாணவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

வகுப்பிலிருந்து வார்டுக்கு, வார்டிலிருந்து தெருவுக்கு

எம்.பி.பி.எஸ். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. கிருமிகளைப் பற்றிய நுண்ணுயிரியல் பாடம் இரண்டாம் கட்டத்தில் வருகிறது. பழைய முறையில் கிருமிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மனப்பாடம் செய்வார்கள். ஆனால் நோயாளி கிருமியின் பெயரோடு வருவதில்லை, காய்ச்சலோடும் இருமலோடும் வருகிறார். அதனால் இப்போது பாடத்தையே அறிகுறியிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள்.

உண்மையான படிப்பு காலை ரவுண்ட்ஸில் நடக்கிறது. மாணவர் நோயாளியின் கதையைச் சொல்வார். ஆசிரியர் பரிசோதனை முடிவை மறைத்து வைத்துக்கொண்டு கேட்பார்: உன் பட்டியல் என்ன? ஏன் அந்த வரிசை? இந்த டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வாய், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வாய்? இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், அந்த டெஸ்ட் எதற்கு? இந்தக் கடைசிக் கேள்விக்கு முன்னால் எத்தனையோ டெஸ்ட் சீட்டுகள் கிழிந்திருக்கின்றன.

ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது கை கழுவுவதும் பாடம்தான். வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவ வார்டுக்குள் வரும் மருத்துவர்களையும் மாணவர்களையும் 1847-இல் குளோரின் நீரில் கை கழுவ வைத்தபோது தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. நோயைச் சுமந்து போனது அவர்களின் கைகளே. அந்தக் கதை தெரியாத மாணவர் இல்லை. கழுவ மறக்கிற மாணவர் உண்டு.

வார்டோடு வேலை முடிவதில்லை. டெங்கு, காசநோய் போன்றவற்றைக் கண்டால் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இதற்கு நம் மாநிலத்தில் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே இருக்கிறது. தகவல் போனால்தான் சுகாதார ஆய்வாளர் அந்தத் தெருவுக்கு வருவார், பூட்டிய வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அண்டாவைக் கவிழ்க்கச் சொல்வார். 2021-22 முதல் மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுக்க அவர்களைப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று திட்டம் வந்திருக்கிறது. ஊருணியையும் முற்றத்தையும் நேரில் பார்த்த மாணவர் வார்டில் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

நோயாளியின் வீட்டாருக்கும் இதில் வேலை உண்டு. காய்ச்சல் தொடங்கிய தேதியை நாள்காட்டித் தாளில் குறித்துவையுங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாமல் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "ஒரு வெள்ளை மாத்திரையும் ஒரு ஊசியும்" என்றால் கல்ச்சர் ஏன் வளரவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. நாலாவது பிள்ளை வந்து அதே கேள்வியைக் கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்கள். முதல் மூன்று பேரிடம் சொல்ல விட்டுப்போன ஆட்டுக்குட்டி சில சமயம் நாலாவது தடவையில்தான் ஞாபகத்துக்கு வரும்.